கடலுக்கும் கணக்கு வேண்டும்

(கடலோர ஊர் ஒன்றில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் கடலைப் பற்றியது. இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, "சுயமரியாதைக்காரனுக்குக் கடலில் என்ன வேலை? கோவிலைப் பற்றிப் பேசுவான், புராணத்தைப் பற்றிப் பேசுவான், ஜாதியைப் பற்றிப் பேசுவான். மீனைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தெரியும்?" என்று தோன்றலாம். தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் ஒரு சங்கதியை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நிலத்தைப் பங்கு போட்ட காலத்தில் உழுகிறவனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. குளத்தையும் கிணற்றையும் பங்கு போட்ட காலத்தில் தாகத்தோடு இருந்தவனைக் கேட்கவில்லை. எவனோ உட்கார்ந்து எழுதினான். எழுதினதற்குச் சாஸ்திரம் என்று பெயர் வைத்தான். பாடுபடுகிறவன் அதைக் கேட்டு நடந்தான். இப்பொழுது உலகத்திலே கடலைப் பங்கு போடுகிற காலம் வந்திருக்கிறது. இன்ன இடம் துறைமுகத்துக்கு, இன்ன இடம் எண்ணெய்க் கிணற்றுக்கு, இன்ன இடம் காற்றாடி மின்சாரத்துக்கு, இன்ன இடம் உல்லாசப் பிரயாணிகளுக்கு, இன்ன இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வரைபடத்தில் கோடு போடுகிறார்கள். இந்தச் சமயத்தில் கடலில் பாடுபடுகிறவன், "எல்லாம் ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லிக் கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தால், நிலத்தில் நடந்த கதைதான் கடலிலும் நடக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

மீன் ஏன் வரவில்லை?

மீன்பாடு இல்லாமற் போனால் நம்முடைய ஊர்களில் என்ன சொல்லுகிறார்கள்? "கடலம்மா கோபித்துக் கொண்டாள்" என்கிறார்கள். "ஊரில் ஏதோ குற்றம் நடந்துவிட்டது" என்கிறார்கள். உடனே ஒரு கொடை, ஒரு பூஜை, ஒரு கொடியேற்றம். இந்துவாயிருந்தால் அம்மனுக்கு, கிறிஸ்தவனாயிருந்தால் மாதாவுக்கு, முஸ்லீமாயிருந்தால் தர்காவுக்கு. கடன் வாங்கியாவது செய்து விடுகிறார்கள். பூசாரிக்கு வரும்படி வருகிறது, வட்டிக்காரனுக்கு வரும்படி வருகிறது, பந்தல்காரனுக்கு வரும்படி வருகிறது. மீன் மட்டும் வருவதில்லை. மீனுக்கு அந்தக் கொடை நடந்த சங்கதியே தெரியாதே!

தோழர்களே! இதில் பணம் வீணாகிறது என்பது மாத்திரமல்ல நான் சொல்லுவது. பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தெய்வக் குற்றத்தினால் மீன் குறைந்தது என்று ஒருவன் நம்பிவிட்டால், பிறகு உண்மையில் மீனைக் குறைத்தவன் யார் என்று அவன் தேடவே மாட்டான். சிறு கண்ணி வலை போட்டுக் குஞ்சையெல்லாம் வாரினவன் தப்பித்துக் கொள்ளுகிறான். ஆலைக் கழிவைக் கடலில் விட்டவன் தப்பித்துக் கொள்ளுகிறான். சட்டத்தை எழுதி வைத்துவிட்டு அமுல் நடத்தாத உத்தியோகஸ்தன் தப்பித்துக் கொள்ளுகிறான். கடவுள் என்கிற பெயர் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போர்த்துகிற போர்வையாக இருக்கிறது.

சுறாவின் வாயைக் கட்டிய மந்திரம்

இந்த மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பற்றி மார்க்கோ போலோ என்கிற யாத்திரிகர் எழுதியிருக்கிறார். முத்தெடுக்கிற வியாபாரிகள் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார்களாம். அதல்லாமல், கடலுக்குள் பெரிய மீன்கள் ஆளைக் கடிக்காதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்களாம். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான் பலிக்கும். இரவானால் மந்திரக்காரர்களே அதை அவிழ்த்து விடுவார்கள் என்றும் எழுதுகிறார். ஏன் அவிழ்க்க வேண்டும்? இரவில் எவனாவது தனியாக இறங்கி முத்தெடுத்துவிட்டால் பங்கு கிடைக்காமற் போய்விடுமே! மந்திரத்துக்குக்கூட வியாபாரப் பூட்டு போட்டிருந்தார்கள் பாருங்கள். அந்த மந்திரக்காரர்களுக்கு அவர் எழுதி வைத்த பெயர் பிராமணர் என்பதன் திரிபு.

பிறகு வந்த காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர்கள் கிறிஸ்தவர்கள். ஆகவே மதம் மாறினால் மூடநம்பிக்கை மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். பூட்டு மாறும், பூட்டிக் கிடப்பது மாறாது. விஞ்ஞானம் படித்த வெள்ளைக்கார சர்க்காரும், கடல்கட்டி இல்லாவிட்டால் குளிகாரர் இறங்கமாட்டார்கள் என்பதற்காக அவர்களுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே சர்க்கார் முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பதற்கு மந்திரக்காரனைக் கேட்டதா? பஞ்சாங்கக்காரனைக் கேட்டதா? கிடையாது. முன்கூட்டியே ஆட்களைப் பார்களில் இறக்கி, சிப்பிகளில் கொஞ்சம் எடுத்து வந்து, வயதைப் பார்த்து, எண்ணிப் பார்த்து, அறுத்து முத்தின் மதிப்பைப் போட்டுப் பார்த்து, இலாபம் உண்டென்று தெரிந்த பிறகே "இந்த வருஷம் குளிப்பு உண்டு" என்று அறிவித்தது. சிப்பி முற்றாமலிருந்தால் அந்த வருஷம் குளிப்பு இல்லை. எஜமானனுக்குக் கணக்கு, கூலிக்காரனுக்கு மந்திரம்! இந்த இரண்டும் ஒரே கடலில், ஒரே சமயத்தில், ஒரே தோணியில் நடந்து வந்திருக்கின்றன. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததெல்லாம், அந்தக் கணக்கு கூலிக்காரன் கைக்கு வரவேண்டும் என்பதுதான்.

இந்தியக் கரையில் அந்த முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ம் வருஷம். அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. முத்துப் பார்கள் எப்பொழுதுமே சில வருஷம் கொடுக்கும், பல வருஷம் கொடுக்காது. அதற்கு நீரோட்டம், மணல், சிப்பிக் குஞ்சு ஒட்டிக் கொள்ளுகிற இடம், அதைத் தின்னுகிற மீன் என்று பல காரணங்கள் உண்டு. அவைகளை ஆராய்கிறவனிடம் கேட்க வேண்டும். மந்திரக்காரனிடம் கேட்டால் இருபதில் ஒரு பங்கு கேட்பானே தவிர பதில் சொல்லமாட்டான்.

படித்தவர்களின் மூடநம்பிக்கை

மூடநம்பிக்கை பாமரரிடம் மாத்திரம்தான் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஹக்ஸ்லி என்கிற பேரறிஞரைப் பற்றி நம் கூட்டங்களில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டார்வினுக்காகப் பாதிரிமார்களோடு வாதாடியவர். கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ அறிந்ததாகச் சொல்ல முடியாது என்ற கொள்கைக்கு இங்கிலீஷில் பெயர் வைத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் 1883-ல் லண்டனில் நடந்த மீன்பிடிப் பொருட்காட்சியில் பேசியபோது, காட் என்கிற மீன் முதலான பெரிய கடல் மீன்களெல்லாம் பிடித்துத் தீர்க்க முடியாதவை என்று அபிப்பிராயம் சொன்னார். ஆனால் "இப்போதுள்ள மீன்பிடி முறைகளைக் கொண்டு பார்த்தால்" என்கிற ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார்.

பிறகு என்ன ஆயிற்று? மீன்பிடி முறை மாறிற்று. பாய்க் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தது. பிறகு கடலிலேயே மீனை அறுத்து உறைய வைக்கிற, தொழிற்சாலை போன்ற கப்பல்கள் வந்தன. நிபந்தனை செத்துப் போய்விட்டது. ஆனால் "கடல் மீன் தீராது" என்கிற முடிவை மாத்திரம் ஜனங்கள் பிடித்துக் கொண்டார்கள். நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் மனப்பாடம் செய்வதற்குப் பெயர்தான் தோழர்களே, வேதம்! ஹக்ஸ்லி சொன்னதாயிருந்தாலும் சரி, மனு சொன்னதாயிருந்தாலும் சரி, இப்படிப் பிடித்துக் கொண்டால் பலன் ஒன்றுதான்.

கனடா தேசத்திலே நியூபவுண்ட்லாந்து என்று ஒரு பெருந்தீவு. அதன் பக்கத்துக் கடலில் ஐந்நூறு வருஷமாக ஐரோப்பாக்காரர்கள் காட் மீன் பிடித்து வந்தார்கள். 1968-ல் அங்கே பிடித்தது ஒரே வருஷத்தில் 8 லட்சம் டன். 1977-ல் கனடா 200 கடல் மைல் வரை தன்னுடைய கடல் என்று வைத்துக் கொண்டு அந்நியக் கப்பல்களை வெளியேற்றியது. வெளியேற்றியது சரி, அந்த இடத்தில் தன் கப்பல்களை விட்டு அதே மாதிரி வாரியது. கரையோரத்தில் சிறு படகில் போகிறவர்கள், "எங்களுக்கு மீன் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துப் போகிறது" என்று சொன்னார்கள். மேல் கடலில் பெரிய கப்பலுக்கு வந்த மீனைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள், "இன்னும் ஏராளமாக இருக்கிறது" என்றார்கள். மிச்சமிருந்த மீனெல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தது. பெரிய கப்பல் அந்த இடத்தைத் தேடிப் போய் வாரினது. அதனால் அதன் வலை கடைசி வரை நிறைந்தே வந்தது. 1992 ஜூலை 2-ந் தேதி சர்க்கார் காட் மீன்பிடிப்பையே நிறுத்தி உத்தரவு போட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு வருஷத்துக்கு என்று சொன்ன தடை முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2024-ல்தான் எடுத்தார்கள். எடுத்த பின்பும் அந்த வருஷத்துக்கு அனுமதித்தது 18,000 டன். 8 லட்சம் எங்கே, 18,000 எங்கே!

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, கடல் தீராது என்பது புரட்டு. மற்றொன்று, கணக்குப் போட்டால் மாத்திரம் போதாது. கடலில் போகிறவன் சொல்லைச் சேர்க்காத கணக்கு தப்புக் கணக்காகப் போகும்.

நம் கடலில் நடந்தது

இனி நம் கடலுக்கு வருவோம். 1952-ல் இந்தியாவும் நார்வே தேசமும் ஐக்கிய நாட்டுச் சபையும் ஒப்பந்தம் செய்து கொண்டு, மறு வருஷம் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் மீனவர் முன்னேற்றத்துக்கென்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் இறாலுக்கு அந்நிய நாட்டில் விலை கிடைத்ததும், திட்டம் இறாலின் பின்னால் ஓடிற்று. இழுவைமடி போடுகிற விசைப்படகுகள் இரண்டு கரைகளிலும் பெருகின. இழுவைமடி என்ன செய்யும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலகையும் பாரமும் தரையை உரசிக் கொண்டு போகும். வேண்டிய இறாலோடு வேண்டாத குஞ்சும், நண்டும், சங்கும், புல்லும், பாரும் சேர்ந்து வரும். அதில் விலை போகாததைச் சங்காயம் என்று ஒதுக்கிக் கோழித் தீனிக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சங்காயத்தில் ஒரு பகுதி, விட்டிருந்தால் பெரிய மீனாகியிருக்கும். விதை நெல்லைப் பொரித்துத் தின்னுகிற குடியானவனை ஊர் என்ன சொல்லும்? கடலில் அதைச் செய்தால் அதற்கு முன்னேற்றம் என்று பெயரா?

சட்டம் இல்லாமலில்லை. 1983-ல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது, அது நாட்டுப்படகுக்காரனுடைய கடல் என்று வைத்தார்கள். பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. அது மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்கென்று விட்ட காலம். பார்த்தீர்களா? கடலில் இடத்தைப் பிரித்து, நாளைப் பிரித்து, பருவத்தைப் பிரித்து வைத்திருக்கிறோம். இன்று மேல்நாட்டார் கடல் வெளித் திட்டம் என்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறதின் அஸ்திவாரம் இதுதான். ஆனால் கோட்டை எழுதினால் போதுமா? கரைக் கடலில் நாட்டுப்படகுக்காரன் வலையை அறுத்துக் கொண்டு விசைப்படகு போனால் போய்க் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? அமுல் நடத்தாத சட்டமும் எழுந்து வராத சாமியும் ஒன்றுதான்.

இதைவிட வெட்கமான காரியம் ஒன்று உண்டு. இலங்கையில் யுத்தம் நடந்த காலத்தில் அங்கே வடபுலத்துத் தமிழ் மீனவன் கடலுக்குப் போக முடியாமலிருந்தான். நம் பக்கத்து இழுவைப் படகுகள் அவன் கடலில் போய் வாரிக் கொண்டிருந்தன. 2009-ல் யுத்தம் முடிந்து அவன் தன் வலையை எடுத்துக் கொண்டு வந்தால், வலை அறுபடுகிறது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்நாட்டுக் கடற்படை செய்கிற கொடுமையை நான் மறைக்க வரவில்லை. மீனவனைச் சுடுவதற்கும் அடிப்பதற்கும் எந்தச் சர்க்காருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் இனம் இனம் என்று மேடையில் பேசுகிற நாம், அந்த யாழ்ப்பாணத்துத் தமிழனுடைய சோற்றில் மண்ணைப் போடுகிற முதலாளியின் மடியைப் பற்றிப் பேசாமலிருப்பது யோக்கியமாகுமா? பல சமயங்களில் படகில் கூலிக்குப் போனவன் ஜெயிலுக்குப் போகிறான். படகுக்கு முதல் போட்டவன் கரையில் இருக்கிறான். பிடிபடுகிறவன் யார், இலாபம் எடுக்கிறவன் யார் என்று இந்த ஒரு காரியத்திலாவது ஜனங்கள் கேட்க வேண்டாமா?

தீவுகளும் பெண்களும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். இவைகளைச் சுற்றியுள்ள கடலை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று ஆக்கினார்கள். பவளப் பார்களை வெட்டிச் சுண்ணாம்புக்காக விற்று வந்ததில், விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. தீவு முழுகினதற்கு எந்தச் சாபமும் காரணமல்ல. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வெட்டினது காரணம். பிறகு 2001-ல் பவளத்தையும் கடல் அட்டையையும் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்துத் தடுத்தார்கள். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாவுக்காக, அதாவது கடல்பசுவுக்காக, ஒதுக்கினார்கள். ஆவுளியா மேய்கிற கடற்புல்லில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளருகின்றன. ஆகவே அது அந்தப் பிராணிக்குச் செய்கிற தயவு என்று நினைக்க வேண்டாம். நம் சட்டியைக் காப்பாற்றிக் கொள்ளுகிற வேலை.

இவைகளெல்லாம் வேண்டிய காரியங்களே. ஆனால் காப்பது என்று கிளம்பினவுடன் யாரை முதலில் விரட்டினார்கள் என்று பாருங்கள். அந்தத் தீவுகளைச் சுற்றிக் காலங்காலமாக மூழ்கிப் பாசி எடுத்து வயிறு வளர்த்த பெண்களை விரட்டினார்கள். கண்ணாடியும், கையில் துணி சுற்றினதும், இடுப்பில் பையும் தவிர அவர்களிடம் என்ன இயந்திரம் இருக்கிறது? அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோவிலுக்கு நேர்ந்து கொண்டு உட்காரவில்லை. தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, பாரைக் கீறுகிற இரும்புக் கருவியை எடுத்துப் போவதில்லை, விசைப்படகுத் தடைக் காலத்தில் தாங்களும் நிறுத்திக் கொள்வது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக் கொண்டார்கள். பாசி மறுபடி வளருவதற்கு நாள் வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்தவர்கள் அவர்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்கிற அம்மையாருக்கு இந்தக் காரியத்துக்காக 2015-ல் சீக்காலஜி என்கிற அமெரிக்க ஸ்தாபனம் பரிசு கொடுத்தது. ஏட்டுப் படிப்பில்லாத பெண்கள், கணக்குப் பார்த்துக் கடலைக் காத்துக் காட்டியிருக்கிறார்கள்! பெண்ணுக்கு அறிவில்லை என்று எழுதின சாஸ்திரக்காரன், சமுத்திரத்தில் யாத்திரை செய்தவன் ஜாதி கெட்டான் என்றும் எழுதினவன்தானே! கடலைத் தொடாதவன் எழுதின சாஸ்திரத்தை, கடலில் முழுகி எழுந்த பெண்ணுக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்?

பாலத்தின் பெயரால் மூடப்பட்ட கேள்வி

சேதுக் கால்வாய் சங்கதியையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 1860-ல் டெய்லர் என்கிற வெள்ளைக்கார அதிகாரி சொன்ன யோசனை அது. 2005 ஜூலை 2-ந் தேதி மதுரையில் ஆரம்ப விழா நடந்தது. உடனே, "இராமன் கட்டின பாலத்தை இடிக்கிறார்கள்" என்று கூச்சல் எழுந்தது. 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று தடுத்தது. மணல் திட்டும் சுண்ணாம்புப் பாறையுமாக இயற்கையில் அமைந்ததைக் குரங்குகள் கட்டின பாலம் என்று சொல்லுவது பற்றி நான் விவரித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அது கதை. கதைக்காக ஒரு நாட்டின் காரியத்தை நிறுத்துவது முட்டாள்தனம்.

ஆனால் தோழர்களே! அந்தக் கதைக்காரனை ஜெயித்துவிட்டால் நம் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. தோண்டின மணலை எங்கே கொட்டுவது? அது நீரோட்டத்தில் போய்ப் பவளத்தின்மேல் படியுமா? வெட்டின கால்வாய் எத்தனை நாளில் தூர்ந்து போகும்? கரை வலைக்காரன், நாட்டுப்படகுக்காரன் எந்த வழியாகப் போவான்? கப்பல்காரனுக்கு மிச்சமாகிற நேரத்தின் மதிப்பு, தோண்டுகிற செலவுக்குக் கட்டுமா? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் பக்தர்களல்ல, மீனவர்களும் ஆராய்ச்சிக்காரர்களும். பிறகு அமைக்கப்பட்ட பச்சௌரி கமிட்டி, அந்தத் திட்டைத் தொடாத மாற்று வழிகூட வருமானத்துக்கும் பொருந்தாது, கடல் உயிர்களுக்கும் பொருந்தாது என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை சரியா தப்பா என்பதைக் கணக்கைக் கொண்டு வாதாடட்டும். ஆனால் நடந்தது என்ன? இராமன் பெயரால் எழுந்த கூச்சலில் மீனவனுடைய கேள்வி ஒருவர் காதிலும் விழவில்லை. ஒரு பக்கம் "இராமனுக்காக வேண்டாம்" என்றான். மறுபக்கம் "இராமன் வேண்டாமென்கிறவனுக்கு எதிராக வேண்டும்" என்று சிலர் பேசினார்கள். இரண்டிலும் மீனும் இல்லை, மீனவனும் இல்லை. பகுத்தறிவு என்பது எதிரி வேண்டாமென்றதை நாம் வேண்டுமென்பதல்ல. யார் சொன்னாலும், நம்மவரே சொன்னாலும், கணக்கைக் காட்டு என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

திட்டம் என்றால் என்ன?

அப்படியானால் எப்படித் திட்டம் போடுவது? ஆஸ்திரேலியாவில் பெரிய பவளத் தொடர் என்று உலகத்திலேயே பெரியதான பார்க் கூட்டம் இருக்கிறது. அதைக் காக்க 1975-ல் சட்டம் செய்தார்கள். முழுவதும் மூடினார்களா? இல்லை. இங்கே வலை போடலாம், இங்கே தூண்டில் மட்டும், இங்கே பார்க்கலாம் பிடிக்கக் கூடாது என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார்கள். மீன் பிடிக்கக் கூடாத இடம் முதலில் நூற்றில் ஐந்துகூட இல்லை. 2004-ல் அதை 33 ஆக உயர்த்தினார்கள். உயர்த்துவதற்கு முன்பு ஜனங்களைக் கேட்டார்கள். 31,000-க்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. அவைகளைப் பார்த்துக் கோடுகளை மாற்றினார்கள். தொழில் நஷ்டப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், மூடின இடங்களில் மீன் பெருத்தும் அதிகரித்தும் இருக்கக் கண்டார்கள். மீன் கோட்டைப் பார்த்து நிற்குமா? பெருகினது வெளியே வருகிறது. வெளியே வலை போடுகிறவனுக்குக் கிடைக்கிறது.

இதையும் வேதமாக்கிக் கொள்ள வேண்டாம். கடல் சூடேறுவதினால் பவளம் வெளுத்துச் சாகிறது. அந்தப் பெரிய பவளத் தொடரிலும் வெளுத்தது, நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 ஆகிய வருஷங்களில் வெளுத்தது. கரியும் எண்ணெயும் எரிக்கிற புகையை நிறுத்தாமல் வரைபடத்தில் போட்ட கோடு மட்டும் சூட்டைத் தடுக்காது. அதுவும் மனிதன் செய்தது; மனிதன்தான் மாற்ற வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வேலை தொடங்கியிருக்கிறது. 2019-ல் இந்தியாவும் அதே நார்வேயும் மறுபடி கூடி, புதுச்சேரிக்கும் லட்சத்தீவுக்கும் கடல் திட்டம் வகுப்பதென்று ஆரம்பித்தார்கள். முதலில் விசைப்படகு கொண்டுவந்தவர்களோடு இப்போது வரைபடம் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தில் துறைமுகமும் எண்ணெய்க் கிணறும் காற்றாடியும் முதலில் ஏறிவிட்டு, மிச்சமுள்ள இடத்தில் மீனவன் என்று எழுதினால், அதற்கும் மனுதர்மத்துக்கும் வித்தியாசம் என்ன?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே கடற்கரைத் தோழர்களை நான் கேட்டுக் கொள்ளுவது சில காரியங்கள்.

முதலாவது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்குப் புஸ்தகம் வையுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வலையில், என்ன மீன், எவ்வளவு, என்ன பருமன் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற உங்கள் பெண்ணோ பையனோ எழுதட்டும். ஒரு வருஷக் கொடைக்கு ஆகிற செலவில் பத்து வருஷத்துக்குப் புஸ்தகம் வாங்கலாம். நாளைக்கு அதிகாரி வந்து, "இங்கே நீங்கள் மீன் பிடித்ததற்கு என்ன ஆதாரம்?" என்றால், அந்தப் புஸ்தகம்தான் ஆதாரம். அம்மன் சாட்சிக்கு வரமாட்டாள்.

இரண்டாவது, குஞ்சை வாருகிற சிறு கண்ணி வலையை ஊர்க் கட்டுப்பாட்டினாலே நிறுத்துங்கள். ஜாதி விட்டுக் கல்யாணம் செய்தவனைத் தள்ளி வைக்கிற ஊர், விதை மீனை அழிக்கிறவனைத் தட்டிக் கேட்கக் கூடாதா? ஊர்க் கட்டுப்பாட்டை எந்தக் காரியத்துக்கு உபயோகிப்பது என்று கொஞ்சம் மாற்றிக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, கரைக் கடல் நாட்டுப்படகுக்கே என்கிற விதியை அமுல் நடத்தச் சொல்லிச் சர்க்காரை விடாமல் கேளுங்கள். கூடவே, இழுவைமடியை விட்டு வருகிற கூலிக்காரனுக்கு வேறு பிழைப்புக் கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அவன் நம் எதிரியல்ல.

நான்காவது, கடலைப் பற்றித் திட்டம் போடுகிற எந்தக் கமிட்டியிலும் கடலில் போகிறவனும், கரையில் மீன் விற்கிற பெண்ணும், பாசி எடுக்கிற பெண்ணும் இருக்க வேண்டும். தயவுக்குக் கூப்பிட்டு மூலையில் உட்கார வைப்பதல்ல. கோடு எங்கே என்று தீர்மானிக்கிற ஓட்டு வேண்டும். திட்டம் தமிழில் இருக்க வேண்டும். புரியாத பாஷையில் எழுதி வைத்து "கையெழுத்துப் போடு" என்பது, புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தாலி கட்டச் சொல்லுவதைப் போன்றதே.

ஐந்தாவது, உள்நாட்டுத் தோழர்களுக்கு. கடல் உங்கள் ஊருக்கு நூறு மைல் தள்ளியிருக்கலாம். உங்கள் ஊர்ச் சாக்கடை ஆற்றில் போய்க் கடலில்தான் சேருகிறது. பாவத்தைக் கடலில் கரைக்கலாம் என்று நம்பிப் பழகினவர்கள், சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் அதிலேயே கரைக்கலாம் என்று நினைக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் சாயம் பூசின பிள்ளையாரைக் கொண்டுபோய்க் கடலில் போடுகிறார்கள். பிளாஸ்டர் பிள்ளையார் கூடாதென்று சர்க்காரின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2020-ல் விதி வெளியிட்டிருக்கிறது. தன்னைக் கரைப்பதற்கே சர்க்கார் உத்தரவு வேண்டியிருக்கிற சாமி, மீனைக் காப்பாற்றுமா என்று யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! மீன் குறைந்தது மனிதன் செய்த காரியத்தினால் என்றால், அதில் துக்கத்தைவிட நம்பிக்கைக்கே அதிக இடமிருக்கிறது. தெய்வம் செய்ததாயிருந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. மனிதன் செய்ததாயிருப்பதால் மனிதன் நிறுத்தலாம். வேறு விதமாகச் செய்யலாம். செய்து பார்த்துத் தப்பாயிருந்தால் திருத்தலாம். அதற்கு வேண்டியது எண்ணிப் பார்க்கிற அறிவும், எண்ணினதைக் கொண்டுபோய்க் கேட்கிற மானமும். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் கடலோடும் உங்கள் வலையோடும் ஒத்திட்டுப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொண்டு காரியத்தில் இறங்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறேன்.